பிளேஸ்டேஷன் 3 லினக்ஸ்: ஃபிரேம் பஃபர் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 ஏப்ரலில் வந்த 3.21 ஃபர்ம்வேர் (கன்சோலின் உள்மென்பொருள்), லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவ உதவிய 'அதர் ஓஎஸ்' வசதியை நீக்கிவிட்டாலும், பழைய ஃபர்ம்வேருடன் பிளேஸ்டேஷன் 3-ஐப் பாதுகாத்து அதில் லினக்ஸ் இயக்குவோருக்குத் திரை அமைப்பு இன்றும் முதல் தடையாகவே இருக்கிறது. கணினியில் பழகியவர்கள், திரையில் காட்ட வேண்டிய படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதியான ஃபிரேம் பஃபர் என்றதும் கிராஃபிக்ஸ் சிப்பின் நினைவகத்தை நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. இந்தக் கன்சோலில் லினக்ஸின் திரையைக் கவனிக்கும் பிஎஸ்3எஃப்பி டிரைவர் தன் பஃபரை 256 எம்பி முதன்மை நினைவகத்திலிருந்தே ஒதுக்கிக்கொண்டு, அதில் வரையப்பட்ட படத்தை லினக்ஸுக்கு அடியில் வன்பொருளைக் கட்டுப்படுத்தும் ஹைப்பர்வைசர் வழியாக ஆர்எஸ்எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் சிப்பின் நினைவகத்துக்கு நகலெடுக்கச் செய்கிறது. ஆர்எஸ்எக்ஸை நேரடியாகத் தொட லினக்ஸுக்கு அனுமதி இல்லை.

பஃபரின் அளவையும் திரை மோடையும் (படத்தின் தெளிவுத்திறன் அமைப்பு) ஒன்றாகக் குழப்பிக்கொள்வது முதல் தவறு. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழும்போது அதற்குத் தரும் கட்டளை வரியில் 'பிஎஸ்3எஃப்பி=' என்று தருவது நினைவக அளவு; 'வீடியோ=பிஎஸ்3எஃப்பி:மோட்:' என்று தருவது திரை மோடின் எண். இயல்பான அளவு 9 எம்பி. 1920×1080 படத்தில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட், அதாவது ஏறத்தாழ 7.9 எம்பி ஆகிறது; ஆகவே ஒரு படத்துக்கு 9 எம்பி போதும். இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் விளையாட்டுக்கோ வீடியோ பிளேயருக்கோ 18 எம்பி வேண்டும். இந்த ஒதுக்கீடு கெர்னல் எழும் தொடக்கத்திலேயே நடந்துவிடுவதால், பிறகு எந்தக் கட்டளையாலும் கூட்ட முடியாது. லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரின் அமைப்புக் கோப்பில் மாற்றி மறுபடி பூட் செய்வதே வழி. அதற்காகத் தேவையின்றி அள்ளிக் கொடுக்கவும் கூடாது. கொடுத்த ஒவ்வொரு எம்பியும் ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள முதன்மை நினைவகத்திலிருந்தே கழிகிறது.

அடுத்து மோட் எண். 720பி-க்கு 3, 1080பி-க்கு 5. டிவிகள் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும் என்பதால் இந்த எண்கள் சுற்றிலும் கறுப்பு விளிம்பு விட்டே காட்டும். மோட் 3-இல் கிடைப்பது 1124×644 மட்டுமே. இதை டிரைவரின் பழுது என்று எண்ணி கெர்னலை மறுபடி கம்பைல் செய்வது வீண் வேலை. எண்ணுடன் 128 கூட்டி 131 அல்லது 133 கொடுத்தால் முழுத்திரை கிடைக்கும். டிவி ஏற்காத மோடைப் பூட் வரியிலேயே நிலையாக எழுதிவிடுவது இதைவிடக் கேடானது: திரை இருண்டுவிடும், பிழைச் செய்தியையும் படிக்க முடியாது. முதலில் தானாகக் கண்டறியும் மோட் 0-இல் எழுப்பி, வேறு கணினியிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, புதிய எண்ணைச் சோதித்த பிறகே நிலைப்படுத்த வேண்டும்.

நிரல் எழுதுவோர், திரையின் ஒரு வரி நினைவகத்தில் பிடிக்கும் பைட் நீளத்தை அகலம் × 4 என்று தாமே கணக்கிடாமல் டிரைவர் தெரிவிக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் படம் சாய்ந்து கிழிந்தது போலத் தெரியும். இந்தக் கன்சோலின் செல் பிராசசர் பிக்-எண்டியன் (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பது) என்பதால் நினைவகத்தில் ஆல்ஃபா (ஒளிபுகுதன்மை), சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்தான் பைட்டுகள் அமர்கின்றன. கணினிக்கு எழுதிய நிரலை அப்படியே கொண்டுவந்து ஒவ்வொரு பைட்டாக எழுதினால் நிறங்கள் இடம் மாறிவிடும். அதேபோல், டிரைவரின் தானியங்கி நகலெடுப்பை நிறுத்திவிட்டு நிரலே படங்களை மாற்றுவதானால், எத்தனை படங்களுக்கு இடம் உள்ளது என்பதை டிரைவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். 1080பி-யில் இயல்பான 9 எம்பியுடன் வரும் விடை ஒன்றுதான்.