சாத்தனூர் அணையில் மீன் வறுவல்: தராசிலிருந்து தட்டு வரை

வேலூரில் கடல் மீன் சாப்பிட ஆசைப்பட்டால், காசிமேட்டிலிருந்தோ மங்களூரிலிருந்தோ ஐஸில் படுத்து வந்ததுதான் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் அதுவும் விலை ஏறிவிடும். மீனைக் கையால் தொட்டுப் பார்த்து, எடை போட்டு, கண்ணெதிரே வறுத்துச் சாப்பிட வேண்டும் என்றால் பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் வண்டியைத் திருப்புவது சாத்தனூருக்குத்தான். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடித்த அணை. அதை ஒட்டித் திறந்தவெளியில் மீன் கடைகள்.

முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் விலையில் இல்லை. மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டு அணையைச் சுற்றிப் பார்க்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்தால் தட்டில் இருப்பது தாங்கள் எடுத்த மீன்தானா என்றே தெரியாது. தராசில் ஏறியதிலிருந்து தட்டுக்கு வரும் வரை மீனைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். கீழே உள்ள எல்லாமே இதைச் சுற்றித்தான்.

எப்போது போவது

திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் சுமார். காலை பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் காணும் பொங்கலும் வேண்டாம்; கூட்டத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது, எண்ணெயும் மாற்ற மாட்டார்கள். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டுவதே பெரும்பாடு. புரட்டாசியில் ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள், அதனால் கடைக்காரர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் மீன் வரத்து குறையும். மழைக்காலத்தில் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

என்ன மீன்

ஜிலேபிதான் இங்கே ராஜா. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு நம்மூர் மீனாகிவிட்டது. 250 முதல் 350 கிராம் வரை உள்ளது முழுசாக வறுக்க ஏற்றது. முள் நடுவில் ஒழுங்காக இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். முதுகுத் துடுப்பு மட்டும் ஊசி மாதிரி குத்தும், பார்த்துப் பிடியுங்கள்.

கட்லா, ரோகு இரண்டிலும் சதைக்குள்ளேயே கவைமுள் ஓடும். ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லாவை வாங்கினால் முள் பொறுக்கியே பசி போய்விடும். இரண்டு கிலோவுக்கு மேல் எடுத்தால் முள் பெரிதாகிக் கண்ணுக்குத் தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். மிருகால் அடிச்சேற்றில் மேய்கிற மீன், மண்வாடை அதில்தான் அதிகம். முதல்முறைக்கு வேண்டாம்.

விரால் கிடைத்தால் விலை கூடத்தான், ஆனால் முள் தொல்லை இல்லை. காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் தண்ணீருக்கு வெளியிலும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். ஆகவே துள்ளுகிற விராலை மட்டும் வாங்குங்கள். அசையாமல் கிடக்கும் விரால் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது.

பார்த்து எடுப்பது

மசாலா தடவி, கண்ணாடிப் பெட்டியிலோ தாம்பாளத்திலோ செக்கச்செவேல் என்று அடுக்கி வைத்திருப்பதை எடுக்காதீர்கள். மசாலா எல்லாக் குறையையும் மறைத்துவிடும். போதாததற்கு அந்தச் சிவப்பு, மிளகாயா கலர் பொடியா என்று பார்வையில் பிடிபடாது. விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவின பிறகும் விரலில் ரோஸ் கறை நின்றால் அது பொடி.

பச்சை மீனைக் கேளுங்கள்:

"அக்கா, மசாலா போடாத மீன் காட்டுங்க. எப்போ புடிச்சது?"

"காத்தால வந்ததுப்பா, செவுளைத் தூக்கிப் பாரு."

தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் சரி. பழுப்பாகி வழவழவென்று சளி கட்டியிருந்தால் வைத்துவிடுங்கள். கண் புடைத்துப் பளிச்சென்று இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். வயிறு தொளதொளத்து ஓரம் கிழிந்திருந்தால் குடல் உள்ளே கெட்டுவிட்டது என்று அர்த்தம். செவுள் சிவப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எடையும் பேச்சும்

எடை போடுவதற்கு முன்பே மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: விலை முழு மீனுக்கா, சுத்தம் செய்த மீனுக்கா? வறுவல் கூலி சேர்த்தா, தனியா? தலையைத் தருவீர்களா? சுத்தம் செய்தால் ஒரு கிலோ மீனில் தலை போக 600, 700 கிராம்தான் மிஞ்சும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தட்டைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். சாப்பாட்டோடு என்றால் ஆளுக்கு 300 கிராம் முழு மீன், மீன் மட்டும் என்றால் அரைக் கிலோ. தராசில் வெறும் தட்டை வைத்து சைபர் காட்டச் சொல்லுங்கள். மீனைத் தூக்கித் தண்ணீர் வடித்துப் போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரிவாள்மனை பக்கத்தில் நில்லுங்கள்

ருசி முடிவாவது இங்கேதான், அடுப்பில் இல்லை. அணை மீனில் வரும் மண்வாடைக்குக் காரணம், தண்ணீரில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். அது மீனின் கொழுப்பில் தங்கும். அதனால் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்பு ஜவ்வைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்கட்டையும் கீறிக் கழுவ வேண்டும். அவசரத்தில் இரண்டையும் விட்டுவிடுவார்கள். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து இரண்டு தண்ணீர் கழுவி, எலுமிச்சை பிழிய வேண்டும். புளிப்பு பட்டால் அந்த வாடை அடங்கும். கடையில் எலுமிச்சை இருக்கிறதோ இல்லையோ, நான்கு பழம் கையோடு கொண்டு போங்கள்.

குடல் எடுக்கும்போது பித்தப்பை உடைந்தால் சதையில் பச்சைக் கறை படியும். கழுவினாலும் கசப்பு போகாது. அந்த இடத்தை அறுத்துப் போடச் சொல்லுங்கள்.

கட்லா துண்டு சுண்டுவிரல் கனத்துக்கு மேல் வேண்டாம். முழு ஜிலேபிக்கு இரண்டு பக்கமும் மூன்று கீறல், எலும்பைத் தொடும் ஆழத்துக்கு. கீறல் மேலோட்டமாக இருந்தால் மசாலாவும் இறங்காது, நடுவும் வேகாது. வெட்டி முடித்ததும் துண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணுவதைக் கடைக்காரரும் பார்க்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மசாலாவும் எண்ணெயும்

மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, பிடிப்புக்குக் கொஞ்சம் அரிசி மாவு அல்லது சோள மாவு, அவ்வளவுதான். காரம் குறைக்க வேண்டுமானால் இப்போதே சொல்லிவிடுங்கள். தடவியதும் பதினைந்து நிமிடமாவது ஊற வேண்டும். ஊறாத மீன் எண்ணெயில் விழுந்ததும் மசாலா தனியாகக் கழன்று அடியில் கருகும்.

சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் டிகாஷன் நிறத்தில் இருந்து, மீன் போடாமலே நுரை கட்டினால், பல ஈடு கண்ட எண்ணெய். வேறு கடைக்குப் போக முடியாதபடி மீனை ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால், தோசைக்கல்லில் போட்டுத் தரச் சொல்லுங்கள். புது எண்ணெய் நாலு கரண்டி போதும். எண்ணெயைப் பார்த்துவிட்டு மீனை எடை போடுவது இன்னும் நல்லது.

கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். கூட்ட நேரத்தில் தீயை ஏற்றிவிடுவார்கள்: வெளியே மொறுமொறு, எலும்பை ஒட்டி ரத்தம். தட்டு வந்ததும் தடிமனான துண்டைப் பிய்த்துப் பாருங்கள். சதை வெள்ளையாக எலும்பை விட்டு வர வேண்டும். கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை, மறுபேச்சில்லாமல் போட்டுத் தருவார்கள்.

வாங்கின மீனையே குழம்பாக வைத்துத் தரும் கடையும் உண்டு, ஆனால் முக்கால் மணி நேரம் ஆகும். தலையை அதில் போடச் சொல்லுங்கள். வறுப்பதை விடக் கட்லாத் தலை குழம்பில்தான் நன்றாக இருக்கும்.

வீட்டுக்கு எடுத்துப் போக

வேலூர் திரும்ப மூன்று மணி நேரம் பிடிக்கும். வெயிலில் பாலிதீன் பையில் மீன் அவ்வளவு தாங்காது. தெர்மாகோல் பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டு போய், திருவண்ணாமலையிலேயே ஐஸ் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். குடலும் செவுளும் எடுத்த மீன், மீன் எடைக்குச் சம எடை ஐஸ். அடியில் ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு. பெட்டியின் கீழ் மூலையில் பென்சில் கனத்துக்கு ஓர் ஓட்டை போட்டு, அடியில் ஒரு தட்டு வையுங்கள். உருகின தண்ணீரில் மீன் ஊறினால் வீட்டுக்கு வரும்போது சதை வெளுத்துச் சக்கையாகியிருக்கும்.