விட்ட பியானோவை மீண்டும் தொட: முதல் ஆறு வாரங்கள்

சென்னையில் பியானோ கற்கும் பிள்ளைகள் பாதியில் நிறுத்தும் காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். பிளஸ் டூ, நீட் கோச்சிங், கிரேடு பரீட்சையில் (படிப்படியான இசைத் தேர்வில்) ஃபெயில், மேடையில் நடுவில் மறந்து எழுந்து வந்தது, மணிக்கட்டு வலி, வீட்டில் ஒரு சாவு. திரும்பி வரும்போது பலரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: எந்த பீஸில், அதாவது இசைத் துண்டில், விழுந்தார்களோ அதையே முதலில் எடுக்கிறார்கள். விரல் பழைய வேகத்தை மறந்திருக்கும். காது மட்டும் பழைய தரத்தையே கேட்கும். பத்தே நிமிடத்தில் மூடியைச் சாத்திவிடுவார்கள். ஆகவே அந்த ஒரு பீஸை ஆறு வாரத்துக்குத் தொடாதீர்கள். சின்னதாக, அழகாக, உங்களால் நன்றாகவே வாசிக்க முடிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் உயரம், பிறகு வாத்தியம்

ஃப்ளாட்களில் கீபோர்டு பெரும்பாலும் டைனிங் டேபிள் மேல்தான் இருக்கும். மேஜை உயரமே சுமார் 75 செ.மீ.; கீபோர்டின் உயரமும் சேர்ந்தால் கீ மட்டம் 80-ஐத் தாண்டிவிடும். உண்மையான பியானோவில் அது தரையிலிருந்து 72 முதல் 74 செ.மீ. வரைதான். இந்த வித்தியாசத்தில் தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், அரை மணி நேரத்தில் முன்கை இறுகும். வலியால் நிறுத்தியவர்கள் டேப் எடுத்து இதை அளந்துவிட்டுப் பிறகு மற்றதை யோசிக்கலாம். மடக்கு ஸ்டாண்ட் வாங்கிக் கீ மட்டத்தைக் கீழே கொண்டுவாருங்கள். உட்கார்ந்தால் முழங்கை கீ மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை மேலாகவோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கினால் கீழே ஒரு மணை வையுங்கள். தொங்கும் காலோடு இடுப்பு நிலைக்காது.

அசல் பியானோ வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கீயையும் மெதுவாக அழுத்தி, தானாக மேலே வருகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமும் உள்ளே இருக்கும் கம்பளித் துணியான ஃபெல்ட்டும் ஈரம் குடித்து உப்பும், கீ ஒட்டும். தன் விரல்தான் பலவீனமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பாதி நேரம் கீதான் எதிரி. நீண்ட நாள் மூடிக் கிடந்ததென்றால் பூச்சி ஃபெல்ட்டைத் தின்றிருக்கும், சுருதியும் இறங்கியிருக்கும். நிறைய இறங்கிய பியானோவை ஒரே தடவையில் சரியான சுருதிக்கு (440 ஹெர்ட்ஸ்) நிறுத்த முடியாது. சில வாரம் கழித்து ட்யூனரை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். வெளிச்சுவரை ஒட்டியோ ஏசி காற்று நேராகப் படும் இடத்திலோ வைக்காதீர்கள்.

கை வலித்திருந்தால்

எலும்பு முறிவு, நரம்பு வலி என்று எதுவாக இருந்தாலும் டாக்டர் சரி என்ற பிறகுதான் தொட வேண்டும். தொட்ட பிறகும் பத்து நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. களைப்பு வரலாம். சுரீர் என்ற வலியோ மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தால் மற்றக் கைக்கு இசை இருக்கிறது. பாக் வயலினுக்கு எழுதிய சகோன் என்ற பீஸை, இசையமைப்பாளர் பிராம்ஸ் 1877-ல் பியானோவில் இடது கைக்கு மட்டும் எழுதித்தந்தார். அதைப் பெற்ற பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அப்போது வலது கை அடிபட்டிருந்தது. அது கடினமான பீஸ். பிள்ளைகளுக்கு, தெரிந்த பாட்டின் பாஸ் வரியை இடது கையில் முழுதாக, கோர்வையாக வாசிப்பதே நல்ல வேலை.

எதை வாசிப்பது

நிறுத்திய கிரேடிலிருந்து இரண்டு கிரேடு கீழே வாருங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. தடுமாறாத கையில்தான் ஒலி கேட்கும். ஐந்தாம் கிரேடை ஒட்டி நின்றவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பாக்கின் சி மேஜர் ப்ரிலூட், வெல் டெம்பர்டு கிளேவியர் என்ற தொகுப்பின் முதல் பீஸ். 35 பார் (பார் என்பது தாளக் கட்டம்). 61 கீ கீபோர்டிலும் அடங்கிவிடும். நோட்டேஷன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்; ஜெராக்ஸ் கடையில் தாளின் ஒரு புறம் மட்டும் பிரிண்ட் எடுத்து, பக்கங்களை வரிசையாக டேப் போட்டு ஒட்டினால் திருப்பும் தொல்லை இல்லை.

முதலில் அதை எழுதியிருக்கிற மாதிரியே வாசிக்காதீர்கள். ஒரு பாரில் ஐந்து சுரம்தான். எட்டு நோட்டுக் கோலம் இரண்டு தடவை வரும். அந்த ஐந்தையும் ஒரே கார்டாகச் சேர்த்து அழுத்துங்கள்: முதல் பாரில் இடது கைக்கு சி, ஈ, வலது கைக்கு ஜி, சி, ஈ. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) 50-ல் நான்கு எண்ணி அடுத்த பாரின் கார்டு. 32-வது பார் வரை இப்படியே போகலாம்; கடைசி மூன்று பாரில் கோலம் மாறும், அதைத் தனியாகப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் எந்த விரல் நகர்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று கை தெரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு பிரித்து வாசிக்கலாம்.

24-ஆம் பாரிலிருந்து 31 வரை கீழே ஜி மட்டும் நிற்கும். சி-யை சட்ஜமாகக் கொண்டால் அது பஞ்சமம். தம்புரா போல அந்தப் பஞ்சமம் நிற்க, மேலே சுரங்கள் உரசி உரசி விலகுவதைக் கேளுங்கள். 32-ல் சி வரும்போது மூச்சு இறங்கும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த எட்டு பார் உடனே பிடிபடும். ஒலியை ரசித்து உட்காரும் பழக்கம் திரும்ப இப்படி ஓரிடம் போதும்.

துக்கத்தால் நிறுத்தியவர்கள் பலர் இசையமைப்பாளர் ஷோப்பானின் (Chopin) ஈ மைனர் ப்ரிலூடை வாசிக்கக் கேட்பார்கள்: ஓபஸ் 28, நான்காவது, 25 பார். வலது கை எளிது. சிக்கல் இடது கையில்: மூன்று சுரக் கார்டு விடாமல் திரும்பத் திரும்ப வரும், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அரைச் சுரம் இறங்கும். ஒவ்வொரு தடவையும் விரலைத் தூக்கி அடித்தால் அது தட்டச்சாகிவிடும். கீயை முழுதாக மேலே விடாமல், விரல் ஒட்டியபடியே அழுத்துங்கள். ஒரு வாரம் இடது கை மட்டும், ஒலி கேட்டும் கேளாமலும் வரும்வரை. வாசிக்கையில் அழுகை வந்தால் வரட்டும். தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் கெட்டிருந்தால் பியானோ மட்டும் போதாது; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம்.

நேரம்: முதல் இரண்டு வாரம் நாளுக்கு 15 நிமிடம், போனில் டைமர் வைத்து. இன்னும் வாசிக்க ஆசை இருக்கும்போதே நிறுத்துங்கள். மூன்றாம் வாரம் முதல் 25 நிமிடம். ஸ்கேல் (சுர வரிசைப் பயிற்சி) ஒன்று போதும்.

மார்க் ஷீட்டை மறுபடி படியுங்கள்

ஃபெயில் ஆனவர்கள் அந்தத் தாளை இரண்டாம் தடவை பார்ப்பதே இல்லை. பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்-மின் நேர்முகப் பரீட்சையில் மொத்தம் 150, பாஸ் 100. பீஸ் மூன்றுக்கும் தலா 30, ஸ்கேல் 21, சைட் ரீடிங் (புதிய நோட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பது) 21, ஆரல் (காதால் கேட்டுச் சொல்வது) 18. உதாரணத்துக்கு ஒருவர் பீஸ்களில் 21, 20, 22, ஸ்கேலில் 12, சைட் ரீடிங்கில் 10, ஆரலில் 11 வாங்கினால் மொத்தம் 96, ஃபெயில். ஆனால் ஒரு பீஸுக்குத் தேவையான 20 மூன்றிலுமே வந்திருக்கிறது. அவர் வாசிப்பில் தோற்கவில்லை, தயாரிப்பின் ஓரத்தில் தோற்றிருக்கிறார். அவருக்கு வேண்டியது தினம் ஐந்து நிமிடம் புதிய நான்கு பாரை நிறுத்தாமல் படிப்பது. ஸ்கேலும் ஆரலும் பிடிக்கவே இல்லை என்றால், நான்கு பீஸை ஒரே மூச்சில் வீடியோவில் பதிந்து அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு இருக்கிறது.

மேடையில் மறந்தவர்களுக்கு வேறு வேலை. விரல் ஞாபகம் சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தால் முழுதும் போகும். இடது கையை மட்டும் மனப்பாடமாக வாசித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் பீஸ் உங்கள் தலையில் இல்லை. பீஸில் ஐந்து இடங்களைப் பென்சிலால் குறித்து, கடைசி இடத்திலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். தடுமாறும் பாருக்கு முந்தைய பாரையும் பாருங்கள். கை அங்கேதான் தவறான விரலில் வந்து சேர்கிறது.

அம்மா அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆறு வாரம் அடுத்த பரீட்சை எப்போது என்று கேட்காதீர்கள். வந்த விருந்தாளி முன் வாசிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்து அறையில் இருந்து கேட்டுவிட்டு, "அந்தக் கடைசி இடம் நல்லா இருந்துச்சுடா" என்று குறிப்பாக ஓர் இடத்தைச் சொன்னால் போதும்.

ஆறு வாரம் கழித்து முதல் கேட்பவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒரே பீஸ். தனியாக வாசிக்கப் பயமென்றால் இருவர் சேர்ந்து வாசிக்கும் டியாபெல்லியின் ஓபஸ் 149 இருக்கிறது: ஒருவர் கை ஐந்து சுரத்துக்குள்ளேயே நிற்கும், பாரமெல்லாம் டீச்சரோ அக்காவோ பார்த்துக்கொள்வார்கள். டிசம்பரில் சர்ச் கொயருக்கு வாசிக்க ஆள் தேடுவார்கள்; கரோல் புத்தகத்தின் நான்கு குரலில் மேல் வரியையும் பாஸையும் மட்டும் முதலில் பிடியுங்கள், நடு இரண்டையும் அடுத்த வாரம் சேர்க்கலாம். பாடுகிறவர்கள் நிற்க மாட்டார்கள், அதனால் தப்பு வந்தாலும் அடுத்த பாரில் ஏறிக்கொள்ளப் பழகுவீர்கள்.