கீதை வகுப்பும் பஜனையும்: லண்டனில் நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

லண்டனில் ஒரு சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்து, வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் கீதை, அப்புறம் அரை மணி நேரம் பஜனை என்று பல வருடங்களாக நடத்தி வருகிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலேயர்கள். சமீபத்தில் இரண்டு இளைஞர்கள் இதேபோல ஒரு வகுப்பு தொடங்கினார்கள். போய் உட்கார்ந்தேன். ஆரம்ப காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

தெரிந்த சொல்தானே என்று தாண்டிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கடினமான சொற்களுக்கு விழுந்து விழுந்து அர்த்தம் சொல்வோம். கர்மம், காமம் மாதிரிச் சொற்களை அப்படியே விட்டுவிடுவோம். நம் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து புழங்கும் சொற்கள் இல்லையா?

கீதையின் மூன்றாம் அத்தியாயம் கர்மயோகம். 8-வது சுலோகத்தில், உனக்கு விதித்த கர்மத்தை, அதாவது செயலை, செய் என்கிறார் கிருஷ்ணர். 37-வது சுலோகம் 'காம ஏஷ க்ரோத ஏஷ' (இது காமம், அதாவது ஆசை; இது கோபம்) என்று தொடங்கி, இதுவே எதிரி என்று அறிந்துகொள் என முடிகிறது. லண்டன்காரர்கள் பேச்சில் இப்படி நடுவில் வரும் 'ர்' ஒலிக்காது. அவர்கள் 'கர்மா' என்று சொன்னாலே 'காமா' என்றுதான் வரும். நான் காமம் என்றதை ஓர் அம்மா கர்மம் என்றே எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற நர்ஸ், வாராவாரம் ஏழைகளுக்குச் சூப் ஊற்றும் இடத்துக்குப் போய் வேலை செய்தவர். செயல்தான் எதிரி என்று கிருஷ்ணரே சொல்லிவிட்டாரே என்று அதை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சொன்னார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கர்மயோகம் படிக்க வந்தவரைச் சேவையிலிருந்தே விலக்கியிருக்கிறேன்.

இப்போது இரண்டு சொற்களையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அர்த்தம் சொல்லி, 'ர்' நன்றாகக் கேட்கும்வரை எல்லோரையும் சொல்ல வைக்கிறேன். பாட்டுத் தாளிலும் நெடிலுக்கு மேலே கோடு போடாமல் அச்சடிப்பதில்லை. கோடு இல்லாவிட்டால் ராமனும் ரமாவும் ஆங்கில எழுத்தில் ஒன்றுதான். கடவுள் பெயர்களையே திரும்பத் திரும்பப் பாடும் நாமாவளி இதற்குப் பெரிய துணை. 'ராம' என்பதில் 'ரா'வை நீட்டி நாலு வாரம் பாடினால், குறில் நெடில் காதிலேயே தங்கிவிடும்.

அர்த்தம் சொல்லாமல் பாட வைப்பது

1926-ல் நியூயார்க்கின் பெரிய இசை அரங்கமான கார்னகி ஹாலில், 'ஒரு யோகியின் சுயசரிதை' எழுதிய யோகானந்தர் குரு நானக்கின் பாட்டை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்து, அரங்கம் முழுவதையும் பாட வைத்தார். நமக்கு இரண்டு நிமிடம் அர்த்தம் சொல்ல என்ன தடை?

கைதட்டல்

பாட்டு முடிந்ததும் பாராட்டிக் கைதட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பஜனையைக் கச்சேரி ஆக்குவது

அந்த இளைஞர்களில் ஒருவருக்கு அருமையான குரல். ஹார்மோனியத்தில் தன் குரலுக்கு வாகாக ஐந்து கட்டையில், அதாவது நல்ல உயரத்தில், சுருதி வைத்துக்கொண்டார். முதல் இரண்டு சுற்று எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். மூன்றாவதில் அவர் மேல் ஷட்ஜத்துக்கு (மேல் 'ஸ'வுக்கு) போய், ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடிச் சங்கதி போட ஆரம்பித்ததும் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.