சர்க்கரைப் பொட்டலத்தில் தேதி எழுதுங்கள்

வெள்ளைச் சர்க்கரையை விட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அடுத்த முறை மளிகைக் கடையிலிருந்து சர்க்கரை வாங்கி வந்ததும் பொட்டலத்தின் மேல் அன்றைய தேதியை எழுதி வைப்பதுதான். அது தீர்ந்த நாளையும் குறித்துக்கொண்டால், வீட்டில் ஆளுக்கு எத்தனை கிராம் போகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். சேலத்தில் நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டுக்கு மாதம் 5 கிலோ செலவானது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்குச் சற்று மேல். பிஸ்கட்டும் வெளியில் குடித்த தேநீரும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் இனிப்பு நம் மொத்த உணவு ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்தால் இன்னும் நல்லது. அந்த 5 விழுக்காடு ஏறத்தாழ 25 கிராம், அதாவது தலைதட்டிய தேக்கரண்டியில் ஆறு.

எங்கள் ஆயா இதைச் சர்க்கரை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது எப்போதும் அஸ்காதான். சர்க்கரை ஆலை இருந்த ஒடிசா ஊர் ஒன்றின் பெயர் அது. வெளியூர்ச் சரக்காக வந்து விருந்தாளிக்கு மட்டும் எடுக்கப்பட்ட பொருள், இரண்டு தலைமுறைக்குள் காலை எழுந்தவுடன் கை தேடும் பொருளாகிவிட்டது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இனிப்பு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். மாற்றாவிட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அப்படித் தாழ்ந்துவிட்டால் அந்த நேரத்துக்குச் சர்க்கரைதான் மருந்து என்பதால், அவர்கள் வீட்டில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருந்தே ஆக வேண்டும். செயற்கை இனிப்பு அங்கே உதவாது.

மற்றவர்கள் காபியில் தொடங்கலாம். ஒரே நாளில் நிறுத்துவதைவிட, நாக்குக்குத் தெரியாமல் இறங்குவதே நிலைக்கும் என்பது என் அனுபவம். நாம் கரண்டியைக் குவித்து அள்ளுகிறோம். குவித்த கரண்டியில் இருப்பது தலைதட்டிய கரண்டியின் 4 கிராமைவிட மிக அதிகம். ஆகவே முதல் பத்து நாள் எண்ணிக்கையைத் தொடாமல், கரண்டியைத் தட்டி மட்டும் போடுங்கள். பிறகு வாரத்துக்குக் கால் கரண்டி குறையுங்கள். இரண்டு கரண்டி போட்டவர் இப்படியே இறங்கினால் இரண்டு மாதத்தில் ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்துவிடுவார். பாலிலேயே 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் உண்டு. அந்த மெல்லிய இனிப்பு நாக்குக்குத் தெரியத் தொடங்கும் நாள் ஒன்று வரும். எனக்கு அது ஏழாவது வாரத்தில் வந்தது.

பலர் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் மன உறுதிக் குறைவு அன்று, சிக்கரிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிக்கரி அதிகம் கலந்த தூளில் டிகாஷன் கெட்டியாக இறங்கும், கசப்பும் கூடும். சர்க்கரை இருக்கும்வரை அந்தக் கசப்பு மறைந்திருக்கும், சர்க்கரையை எடுத்ததும் வெளியே வந்துவிடும். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிடத் தொடங்கியதிலிருந்து, நல்ல அராபிகா கொட்டை நமக்குப் பக்கத்து மலையிலேயே விளைகிறது. கடையில் அரைத்து வாங்கும்போது நூற்றுக்குப் பத்துக்கு மேல் சிக்கரி வேண்டாம் என்று சொல்லுங்கள், முடிந்தால் சிக்கரியே இல்லாமல் வாங்குங்கள். வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். கருக வறுத்தது கசக்கும். டிகாஷன் இறக்கியபின் அதை மறுபடி கொதிக்க வைக்காதீர்கள். டபராவில் ஒரு முறை ஆற்றி, மிதமான சூட்டில் குடித்தால் இனிப்பில்லாத குறை பாதி போய்விடும். தேநீர் என்றால் தூளை அதிக நேரம் கொதிக்க விடாமல் இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போடலாம். தேநீர்க் கடையில் பெரும்பாலும் கண்ணாடி டம்ளரில் சர்க்கரைதான் முதலில் விழும் என்பதால், மாஸ்டர் டம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் செயற்கை இனிப்பு மாத்திரைக்குத் தாவுகிறார்கள். நானும் ஓராண்டுக்கு மேல் சட்டைப் பையில் மாத்திரை டப்பா வைத்திருந்தேன். சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் நாளுக்கு மூன்றாக இருந்த காபி ஐந்தானது. டப்பாவை மறந்துவிட்டுப் போன நாளில் பழையபடி இரண்டு கரண்டி சர்க்கரைதான் கேட்டேன். இத்தகைய மாத்திரைகளில் இருக்கும் அஸ்பார்டேம் சர்க்கரையைவிட 200 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பானவை. அவற்றைப் போட்டுக்கொண்டே இருந்தால், இனிப்பைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு நாக்குக்குக் கிடைப்பதே இல்லை. எடையைக் கட்டுப்படுத்த இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. சீனித்துளசியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவும் அதில் அடங்கும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை வல்லுநர் குழு மாற்றவில்லை. ஆகவே யாரையும் பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. விடுவதற்கு வழி எளிது: மாத்திரையைப் பாதியாக ஒடித்து இரண்டு வாரம் போடுங்கள், பிறகு டப்பாவை வாங்காதீர்கள்.

வெல்லத்துக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதி அடைபவர்கள் நம் ஊரில் இன்னும் அதிகம். வெல்லத்தில் தாது உப்புகள் சிறிது உண்டு, ஆலைச் சர்க்கரையைப் போல் அது சுத்திகரிக்கப்பட்டதும் அன்று. ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். இரண்டு கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை போட்டால் உடலுக்குக் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. அது மட்டுமல்ல, ஓமலூர் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் கலப்படத்துக்காக வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். வெளிர்மஞ்சளாகப் பளிச்சென்று தெரிய ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பதும் உண்டு. கரும்புச் சாற்றை மட்டும் நேர்மையாகக் காய்ச்சுபவர்களுக்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும் கரும்பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் பண்டிகைக்கு என்று வையுங்கள், காபிக்கு வேண்டாம்.

கடைப் பொட்டலங்களில் மூலப்பொருள்கள் எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில் அச்சிடப்படும். சர்க்கரை முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்று வேறு பெயர்களிலும் அது வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் பட்டியலில் சர்க்கரையாகக் காட்டப்படாவிட்டாலும் உடலுக்குள் விரைவில் குளுக்கோஸாகிவிடும். நம் மாவட்டத்து மரவள்ளி மாவிலிருந்துகூடத் திரவ குளுக்கோஸ் செய்யலாம் என்பதை நினைத்தால், இது எவ்வளவு மலிவான பொருள் என்பது புரியும். 950, 951, 954, 955, 960 ஆகிய எண்கள் இனிப்பூட்டிகளுக்குரியவை. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் மிட்டாய்களில் மால்டிடால், சார்பிடால் இருக்கும். அதிகம் தின்றால் வயிறு இளகும். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் சத்து மாவுகளையும் இதே கண்ணோடு படியுங்கள்.

பழத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மாம்பழக் காலத்தில் மல்கோவாவை நறுக்கி இரண்டு துண்டு தின்பது வேறு, அதையே சர்க்கரை போட்டு அடித்து ஒரு டம்ளர் குடிப்பது வேறு. மாலை நான்கு மணிப் பசிக்கு வேகவைத்த வேர்க்கடலையோ சுண்டலோ ஏற்காட்டுக் கொய்யாவோ வீட்டில் தயாராக இருந்தால் பிஸ்கட்டின் நினைவு தானே குறையும்.

பண்டிகைகளில் விலகி நிற்காதீர்கள். ஆடி முதல் நாள் தேங்காய் சுடும்போது எங்கள் வீட்டில் இப்போது வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். நாரை வழித்து மஞ்சள் பூசிய காயில் ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, பொட்டுக்கடலை, அவல், பாசிப்பருப்பு, எள்ளோடு ஒரு கரண்டி வெல்லத்தூளை மட்டும் அடைத்து, அழிஞ்சில் குச்சியைச் செருகி நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுகிறோம். ஓடு வெடித்து உள்ளே பருப்பு சிவந்துவரும்போது தேங்காயின் இனிப்பே மேலெழுந்து வருவதால், வெல்லம் குறைந்தது வாயில் தெரிவதில்லை. பிள்ளையாருக்குப் படைத்ததும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்; மறுநாள் காலை காபிக்குச் சர்க்கரை டப்பாவை எடுக்கும்போது, முந்தின வாரம் எத்தனை கரண்டியில் நின்றீர்களோ அங்கிருந்தே தொடரலாம்.