யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் கிராங்க்: ராடு கிட் (ராடு, பின், பேரிங்) மாற்றுவது எப்படி?

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டுதான் ராடு. அதன் மேல்முனை பக்கவாட்டில் 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் கிட் மாற்றியே ஆக வேண்டும். பிரிக்கும் முன் கிராங்கின் மொத்த அகலத்தை, அதாவது இரு சக்கரங்களின் வெளிப்புறத்துக்கு இடையிலான அளவை, வெர்னியர் அளவுகோலில் அளந்து எழுதிவையுங்கள். கோத்த பிறகும் அதே அளவு வர வேண்டும். பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) மட்டுமே பிரியுங்கள். சுத்தியால் அடித்தால் சக்கரங்களை ராடோடு இணைக்கும் பின்னின் துளை பெருத்துவிடும், புதுப் பின் இறுகாது.

கோக்கும்போது பேரிங்கில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) விட்டு, இரு சக்கர விளிம்பையும் மூலைமட்டம் வைத்து நேர்பார்த்து அழுத்துங்கள்.

உயிர்நாடி சென்டர் பார்ப்பதுதான், அதாவது கிராங்கின் இரு முனையும் ஒரே நேர்கோட்டில் சுழல்கிறதா என்று பார்ப்பது. இரு முனையிலும் டயல் கேஜ் (நுண் ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) வைத்துச் சுற்றுங்கள், ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று முறுக்கியிருந்தால் விளிம்பில் செம்புச் சுத்தியால் ஒரே அடி, மறுபடி அளவு. பின்னுக்கு எதிர்ப்புறம் சக்கரங்கள் நெருங்கியிருந்தால் ஆப்பு வைத்து அகட்டுங்கள். விரிந்திருந்தால் வைஸில் நெருக்குங்கள். அவசரப்பட்டு சென்டர் பார்க்காமல் விட்டுவிட்டால் மெயின் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரமே போகும், மேக்னெட் பக்கம் பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான தொடர்பு முனை) இடைவெளியும் நிலைக்காது.

பின்னில் வெல்டு வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அடுத்தமுறை பிரிப்பது பெரும்பாடு.