துணியில் படும் நிறத்தை எப்படிப் பார்ப்பது

யூதராக மாறி எருசலேமில் குடித்தனம் தொடங்கிய புதிதில் மாதவிடாய்க்குப் பிறகு மனைவி சுத்தமாகும் வரை யூதச் சட்டம் சொல்லும் நாள் கணக்கு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சோதிக்கும் துணியில் படும் நிறம்தான் படுத்தி எடுத்தது.

மாதவிடாய் தொடங்கியதிலிருந்து குறைந்தது 5 நாள் காத்திருக்க வேண்டும் (எங்கள் அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய யூதர் வழக்கம்; ஸ்பெயின் வழி வந்த செபார்டியர் சிலருக்கு 4). ரத்தம் நின்றதும், சூரியன் மறையுமுன் குளித்து, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியால் உள்ளே துடைத்துப் பார்க்க வேண்டும். சுத்தமாக வந்தால் மறுநாள் முதல் 7 சுத்த நாட்கள். தினமும் காலையிலும் அந்திக்கு முன்பும் ஒரு துணி. 7 முடிந்த இரவு மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் முழுக்கு. அதுவரை கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்வதில்லை. ஆனால் அடுப்படிக்குத் தடையில்லை, நம்மூர்த் தீட்டு மாதிரி மூலையில் உட்கார வேண்டாம்.

வெள்ளை, நிறமற்றது: கவலையே வேண்டாம். சிவப்பு, ரோஸ், கறுப்பு: ஆகாது. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு ஆகாத ரத்தத்தை 5 வகையாகப் பிரிக்கிறது. குங்குமப்பூ நிறம், மண் கலங்கிய நீர், தண்ணீர் கலந்த திராட்சை மது என்றெல்லாம் வரும். அவ்வளவு நுணுக்கம் இன்று யாருக்கும் கைவராது என்பதால் சிவப்புச் சாயல் இருந்தாலே விலக்குதான். வெளிர் மஞ்சள் பெரும்பாலும் பரவாயில்லை. பழுப்புதான் வம்பு. டிகாக்‌ஷன் நிறமா, செங்கல் நிறமா? அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

நான் செய்தேன். சுத்த நாட்களில் 4-ஆம் நாள் சாயங்காலம், சமையலறை ட்யூப் லைட்டில் துணி சிவப்பாகத் தெரிந்தது. அழுதுகொண்டே கணக்கை முதலிலிருந்து தொடங்கினேன். அடுத்த மாதமும் அதே மாதிரிக் கறை. இந்த முறை ரப்பியிடம் (யூத மதகுரு) கொடுத்தனுப்பினேன். ஜன்னலோரம் அரை நிமிடம் பிடித்துப் பார்த்தாராம். "தாஹோர்", சுத்தம். போன மாதம் வீணாகப் போன நாட்களை நினைத்து எனக்கு ஆத்திரமே வந்தது.

அதனால், பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் பாருங்கள். காய்ந்தால் நிறம் மாறும். காய விட்டு மறுபடி பாருங்கள். போனில் படமெடுத்து அனுப்புவதில் பயனில்லை, கேமரா நிறத்தை மாற்றிவிடும். துணியை அலசாமல் ஒரு கவரில் போட்டு, எத்தனையாம் நாள், காலையா மாலையா என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், போன் எண் போதும். ரப்பியிடம் பேசக் கூச்சமாக இருந்தால், 1999 முதல் இதற்கென்றே படித்துத் தேறிய பெண்கள் இருக்கிறார்கள், யோயெட்செத் ஹலகா என்பார்கள். நான் இப்போது முதலில் அவர்களைத்தான் கூப்பிடுகிறேன்.