ஆன்லைன் பயிற்சி வகுப்பு: முதலில் மைக், பிறகுதான் கேமரா

படம் சற்று மங்கலாக இருந்தால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் எதிரொலித்தால் கவனம் போய்விடும். எனவே பணத்தை முதலில் மைக்கில் போடுங்கள். கணினியில் நேரடியாகச் செருகும் யூஎஸ்பி மைக்கில், அருகிலுள்ள குரலையே பெரும்பாலும் பிடிக்கும் டைனமிக் வகை போதும். அதிக நுண்ணுணர்வுள்ள கண்டென்சர் வகை மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து அள்ளும். வாயிலிருந்து 10–15 செ.மீ. தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று மோதும். ஸ்பீக்கரைத் தவிர்த்து, வயருள்ள ஹெட்போன் மாட்டுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் அதன் மைக்கை இயக்கியதுமே பெரும்பாலும் ஒலித்தரம் இறங்கிவிடும்.

கேமராவுக்கு 1080பி (முழு எச்டி) தெளிவு தாராளம். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் எந்தக் கேமராவிலும் முகம் கறுத்துத்தான் தெரியும்.

வைஃபையைவிட ஈதர்நெட் கேபிள் நம்பகமானது. சோதிக்க வேண்டியது அப்லோடு வேகத்தை, அதாவது உங்கள் படமும் குரலும் வெளியே போகும் வேகத்தை. 5 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும்.

ஸூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும். ஒரு மணி நேர வகுப்புக்குக் கட்டணக் கணக்குதான் சரி. முன்பதிவுச் செயலியை உங்கள் காலண்டரோடு இணைக்காவிட்டால் ஒரே நேரத்துக்கு இருவர் வந்து நிற்பார்கள்.